காகித ஆலையின் ஒப்பந்தச் சவுக்குத் திட்டம்: கடைமடை நன்செயில் ஒரு சுற்று முடிந்தபின்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நன்செய்; மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், மணல் திடல். திடலில் நின்ற தென்னைகளை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி, நிலத்தை மறுபடி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு காகித ஆலையின் களப் பணியாளர் ஒப்பந்தச் சவுக்கு சாகுபடித் திட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். திடலுக்கு மட்டும் என்றுதான் முதலில் பேசினோம். அந்த ஆண்டு, 2019இல், மேட்டூர் அணை ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தது. எங்கள் மடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதும் கடினமாக இருந்தது. இவற்றையெல்லாம் அவர் எடுத்துச் சொல்ல, நன்செயையும் சேர்த்தே கையெழுத்திட்டேன். 2019 நவம்பரில் நட்டு, 2024 ஜனவரி, பிப்ரவரியில் வெட்டி முடித்தேன். அந்த ஒரு சுற்றின் அனுபவத்தை வைத்து எழுதும் மதிப்பீடு இது.

திட்டத்தில் ஆலை தருவதாகச் சொன்னவை நான்கு: பாதி விலையில் குளோன் கன்று, சாகுபடி ஆலோசனை, வெட்டும்போது குறைந்தபட்ச விலைக்கு உறுதி, வெட்டவும் ஏற்றவும் ஆலையின் ஒப்பந்தக்காரர் வழியாக ஆள். இவற்றோடு அரசின் உதவியும் சேர்ந்துகொள்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் தமிழ்நாட்டில் முழு மானியத்தில் கிடைக்கிறது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆக, நடுகிறவர் முதலில் கையிலிருந்து போடும் பணம் குறைவு. திட்டம் பலரை ஈர்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கன்றுகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 1,800 கன்று என்ற கணக்கில் வந்திறங்கியவை யாவும் ஒரே உயரத்தில், வேர் சுருளாமல் இருந்தன. திடலில் நட்ட எட்டாவது மாதம் ஒரு கன்றின் அடியில் மணலை விலக்கிப் பார்த்தேன். வேரில் பட்டாணி அளவில், பவளக்கொத்துப் போலக் கிளைத்த முடிச்சுகள் இருந்தன. ஒன்றைக் கிள்ளினால் உள்ளே மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது. ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் சவுக்கின் வேரோடு கூடி வாழ்ந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) மரத்துக்குக் கொண்டுவரும் இடம் அது. பயறுவகைச் செடி அல்லாத ஒரு மரம் இந்த வேலையைச் செய்வதால்தான், வேறெதுவும் பிடிக்காத கடற்கரை மணலிலும் சவுக்கு எழுந்து நிற்கிறது. வேதாரண்யம் முதல் பூம்புகார் வரை கரையோர மணல்களில் சவுக்குத் தோப்பு தலைமுறைகளாக இருந்துவருவது அதனால்தான். திடலைப் பொறுத்தவரை ஆலை எனக்கு நல்ல சேவையே செய்தது.

நன்செயின் கதை வேறு. நட்ட மறு ஆண்டு, 2020 டிசம்பர் தொடக்கத்தில், புரெவிப் புயலோடு வந்த மழையில் டெல்டா முழுவதும் தண்ணீர் நின்றது. எங்கள் நன்செயின் கீழ்ப் பாத்திகளில் பன்னிரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீர் வடியாமல் கிடந்தது. களிமண் இளகிக் கன்றுகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. அவற்றில் பாதி பட்டுப்போயின. வடிகால் வெட்டாமல் களி நிலத்தில் நடக்கூடாது என்பதை ஆலோசனை சொன்னவர் நடும்போதே சொல்லியிருக்க வேண்டும். பட்டுப்போன பிறகு வந்து பார்த்து, அதை அவரே ஒப்புக்கொண்டார். மாற்றுக் கன்று கொடுத்தார்கள். ஆனால் ஓராண்டு மூத்த மரங்களின் நிழலில் நட்ட கன்று எந்தக் காலத்திலும் எடை கட்டுவதில்லை.

அறுவடைதான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. வெட்டும் ஆட்கள் சொன்ன நாளில் வந்தார்கள், நேர்த்தியாக வெட்டினார்கள், பட்டை உரித்து அடுக்கினார்கள். லாரி வரவில்லை. வெட்டிய கட்டைக்கு ஒவ்வொரு நாள் வெயிலும் இழப்பு என்பது சவுக்குப் போட்டவர்கள் அனைவருக்கும் தெரியும். விலை டன்னுக்கு, எடை போடுவது ஆலையின் எடை மேடையில். எனவே பட்டை உரித்த ஒரு கட்டையைத் தனியே எடுத்து, கடைத்தெருவில் உரக்கடையின் தராசில் நிறுத்தினேன்: 18.4 கிலோ. அதை அதே அடுக்கின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் லாரி வந்தபோது அதே கட்டையை அதே தராசில் நிறுத்தினேன்: 15.9 கிலோ. ஒரு கட்டையை வைத்து முழுச் சுமைக்கும் கணக்குப் போட முடியாதுதான். ஆனாலும் தாமதத்துக்கு ஆலை பொறுப்பேற்க ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் தாமதித்தால் மட்டும் விலைக் குறைப்பு உண்டு. எழுதிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பணம் வந்ததில் குறையில்லை. எடைச் சீட்டு கிடைத்த இருபதாம் நாள் வங்கிக் கணக்கில் முழுமையாக ஏறிவிட்டது.

இனி வரவு செலவு. இவை என் நோட்டிலிருந்து எடுத்த, என் நிலத்துக்கு மட்டும் உரிய கணக்குகள். திடலின் ஒரு ஏக்கரில் 36 டன் கிடைத்தது. நன்செயின் இரண்டு ஏக்கரில் சேர்த்து 49 டன்தான். விலை டன்னுக்கு 5,600 ரூபாய். அதில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை என 1,700 போக 3,900 நின்றது. திடலில் சாகுபடிச் செலவு 24,000 கழித்தால், நான்கு ஆண்டுக்குப் பங்கிட்டு, ஆண்டுக்கு 29,100 ரூபாய். நன்செயில் ஏக்கருக்குச் சாகுபடிச் செலவு 28,000. மறுபடி நெல் நட வேண்டுமானால் வேர்க்கட்டைகளை இயந்திரம் வைத்துப் பிடுங்க வேண்டும், அதற்கு ஏக்கருக்கு 14,000. இரண்டையும் கழித்தபின் ஆண்டுக்கு, ஏக்கருக்கு மிஞ்சியது 13,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வேர்க்கட்டைச் செலவு ஆலையின் விளம்பரத் தாளில் எங்குமே இல்லை என்பதை நிலம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே நான்கு ஆண்டுகளில் பக்கத்து வயல்காரர், எனக்குப் பெரியப்பா முறை, சம்பா மட்டும் நட்டார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் நல்ல விளைச்சல். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் பாதி முளைத்துப் போனது. 2023இல் மேட்டூர் அணையை அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்டதால் கடைமடையில் பயிர் கருகியது. நல்லதும் கெட்டதும் சேர்த்து அவருக்கு ஏக்கருக்கு ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 11,000 ரூபாய். வீட்டுக்கு எடுத்து வைத்த நெல்லும் மாட்டுக்கு வைத்த வைக்கோலும் அதில் சேரவில்லை. மரம்தான் கூடுதல் லாபம் என்று ஆலைக்காரர் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லலாம். என் கையில் வந்த பணத்தை மட்டும் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் சொட்டுநீர்க் கருவிக்கான விலைச்சீட்டில் ஏக்கருக்கு 45,000 என்று போட்டிருந்தது. கருவி இரண்டு சுற்றுக்கு உழைக்கும் என்று வைத்துக்கொண்டு அதில் பாதியை இந்தச் சுற்றின் மேல் ஏற்றினாலே, நன்செய்ச் சவுக்கின் ஆண்டு மிச்சம் 7,800 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. மானியம் இல்லாவிட்டால் என் நன்செயில் இந்த மரம் நெல்லைவிடத் தாழ்ந்த வருமானம்தான் தந்திருக்கும். நெல்லுக்கும் அரசுப் பணம் போகிறது என்பது உண்மை; கொள்முதல் விலையில் மாநில அரசு தரும் ஊக்கத்தொகையும் மானியம்தான். அந்தப் பணம் சோறாகவும் கூலியாகவும் ஊருக்குள்ளேயே திரும்புகிறது. கட்டைக்குப் போன பணத்தில் பெரும்பகுதி ஆலைக்கு மூலப்பொருளை மலிவாக்கித் தருவதோடு முடிந்துவிடுகிறது.

ஊர் எதிர்த்தது இந்த இடத்தில்தான். என் வயலைப் பார்த்து, வெளியூரில் வேலையில் இருக்கும் சிலரும் தங்கள் நன்செய்களை இதே திட்டத்தில் சேர்த்தார்கள். ஆள் வைக்க வேண்டாம், வந்து பார்க்க வேண்டாம், நான்கு ஆண்டு கழித்துப் பணம் வரும் என்பது ஊரில் இல்லாதவர்களுக்கு வசதியாக இருந்தது. 2022 அக்டோபர் 2 கிராம சபையில் முதலில் எழுந்தவர் காலனித் தெருவிலிருந்து எங்கள் வயலுக்கு நாற்று நட வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி. "மரத்து மேல எங்களுக்குக் கோவம் இல்ல தம்பி. நாத்து நட்டா பத்து நாளு சோறு, களை எடுத்தா பத்து நாளு சோறு. இத நட்டுப்புட்டு நாலு வருசத்துக்கு ஒங்க வயல்ல எங்களுக்கு என்ன வேல?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். சம்பாவுக்கு நாற்றுப் பறிப்பு, நடவு, இரண்டு களை என என் இரண்டு ஏக்கரில் ஆண்டுக்கு 60 ஆள்நாள் கூலி கொடுத்திருந்தேன். நான்கு ஆண்டுக்கு 240. சவுக்கு வயலில் முதல் இரண்டு ஆண்டுக் களையும் கிளை கழிப்பும் சேர்த்து மொத்தமே 70. வெட்ட வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்த மூதாட்டி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

மற்றக் குறைகளும் அன்றே வந்தன. அறுவடை முடிந்த தாளடியில் வாத்து மேய்க்கவும் ஆட்டுக்கிடை போடவும் வருபவர்களுக்கு இடம் போயிற்று. கட்டை லாரி வருவதற்காக ஒருவர் வாய்க்கால் கரையை வெட்டிச் சரித்து, மடை அடைபட்டது. பெரியப்பா கூட்டத்தில் எதுவும் பேசவில்லை. மறு தை மாதம் என்னைக் கையைப் பிடித்துத் தம் வயலுக்கு அழைத்துப் போய், என் சவுக்கை ஒட்டிய வரப்போரம் உட்காரச் சொன்னார். முதல் ஐந்தாறு வரிசைக் கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார்; பதராகப் பறந்தது, கையில் நின்றவை எண்ணி ஒன்பது மணிகள். அங்கிருந்து இருபதடி உள்ளே ஒரு கதிரை உருவி ஊதினார். கை நிறைய நெல் இருந்தது. நிழலும் வேரும் வரப்போடு நிற்பதில்லை. என் ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரு பத்தியும் இல்லை. இழப்பு மட்டும் அவருக்கு.

தண்ணீரைப் பற்றிய பேச்சில் சவுக்கையும் தைலமரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், இரண்டும் வேறு. ஆனாலும் டெல்டாவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இரண்டுக்கும் பொதுவானது. நெல் தண்ணீரை நிறையவே குடிக்கிறது, அதில் ஐயமில்லை. அது குடிப்பது ஆறு ஓடும் காலத்தில். வயலில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கி ஊர்க் கிணறுகளுக்குப் போகிறது. வழக்கமாக ஜனவரி 28இல் அணை மூடிய பிறகு நெல் வயல் தண்ணீர் கேட்பதில்லை. சொட்டுநீரில் வளரும் மரமோ சித்திரை, வைகாசியிலும் நிலத்தடி நீரையே எடுக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கும் எங்கள் பகுதியில் கோடையில் நிலத்தடி நீரை இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறலாம்; அது சிறிய விஷயம் அல்ல.

இந்த எதிர்ப்பு எங்கள் ஊரில் தொடங்கியதும் அல்ல. எங்களுக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில், 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகளை எதிர்த்து விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். மரங்களுக்கு நீர் தேக்க வெட்டும் வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் நிறுத்திவிடுகின்றன என்பதே அவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. கர்நாடகத்தில் 1983இல் தும்கூர் மாவட்ட விவசாயிகள் நாற்றங்காலுக்குள் புகுந்து தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுப் புளி, மா விதைகளை ஊன்றினார்கள். அதே மாநில அரசு 2017இல் தைலமரத்தைப் புதிதாக நடுவதற்கே தடை போட்டது. இத்தனை ஆண்டு இடைவெளியில் இந்த ஊர்கள் எழுப்பியது ஒரே கேள்விதான்: மரத்துக்குப் பணம் கொடுக்கும்போது பக்கத்து வயலையும் கூலிக்காரரையும் கண்மாயையும் கணக்கில் எடுத்தவர் யார்?

கிராம சபையில் ஒருவர், 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டி இதைத் தடுக்க முடியாதா என்று கேட்டார். முடியாது. அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற புதிய தொழில்களைத் தடுக்கிறது; நன்செயில் என்ன நடுவது என்பதைப் பற்றி அது பேசவில்லை. சட்டத்தைவிட எனக்குப் பொருத்தமாகப் படுவது 1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை. மரத்தை நம்பிய தொழிற்சாலைகள் தங்கள் மூலப்பொருளுக்கு விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்துக்கொண்டு, கடனும் தொழில்நுட்ப உதவியும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. எந்த நிலத்தில் என்பதையும் சொல்லியிருக்கிறது: சிறு, குறு விவசாயிகளிடம் உள்ள விளைச்சல் குறைந்த, சீர்கெட்ட நிலங்களில். ஆலையின் களப் பணியாளர் அந்தக் கொள்கையின் முதல் பாதியைத்தான் என் வீட்டில் உட்கார்ந்து விளக்கினார். இரண்டாம் பாதி என் மணல் திடலுக்குப் பொருந்தும். ஆறு மா நன்செய்க்குப் பொருந்தாது.

கிராம சபைத் தீர்மானத்தை ஆலைக்கு அனுப்பினோம். ஆற்றுப் பாசன நன்செயைத் திட்டத்தில் சேர்க்காதிருப்பது, பக்கத்து வரப்பிலிருந்து பதினைந்து அடி விட்டு நடுவது, வெட்டும் வேலையில் உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பது, லாரிப் பாதையை ஊராட்சியோடு பேசி முடிவு செய்வது ஆகியவையே அதில் கேட்டிருந்தோம். ஒப்பந்தம் நில உடைமையாளருக்கும் தங்களுக்கும் இடையிலானது, மூன்றாவது நபர் இதில் இல்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். வாடிக்கையாளர் சேவை என்ற அளவில் பார்த்தாலும் இது பெரிய தவறு. ஊர் ஒத்துழைக்காத வயலில் கட்டையை வெட்டலாம், வெளியே கொண்டுவர முடியாது. என் லாரி தாமதித்ததற்கு, கரை வெட்டுப்பட்ட வாய்க்காலின் வழியே வண்டியை விட ஊரார் மறுத்ததும் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், மணல் திடலுக்கும் மானாவாரி மேட்டுக்கும் இந்தத் திட்டத்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது லாரிக்காக. ஆற்றுப் பாசன நன்செய்க்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மாட்டேன், அதுவும் கன்றின் தரத்துக்காக. கையெழுத்திடுகிறவர்கள், வெட்டிய ஐந்து நாளுக்குள் ஏற்றாவிட்டால் எடை இழப்பு ஆலையைச் சேர்ந்தது என்ற வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நேராக, உயரமாக நிற்கும் மரங்களைப் பந்தல் காலுக்கும் சாரக் கம்புக்கும் உள்ளூர் வியாபாரியிடம் விற்கும் உரிமையையும் கேளுங்கள்; அதற்கு ஆலை விலையைவிட நல்ல விலை கிடைக்கிறது. நன்செயில் மரம் வேண்டும் என்றால் அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வேளாண்மைத் துறை இலவசமாகக் கன்று தருகிறது. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்று என்பது அதன் அளவு. வரப்பு மரத்தோடு நெல்லும் நிற்கும், நடவு ஆளும் வருவார்கள்.

திடலில் மறுபடி சவுக்கே நட்டிருக்கிறேன், அதே ஆலையோடு. இம்முறை பெரியப்பா பக்கம் பதினைந்து அடி விட்டிருக்கிறேன். நன்செயில் வேர்க்கட்டைகளைப் பிடுங்க இயந்திரம் மூன்று நாள் நின்றது. பிடுங்கிய பள்ளங்களை நிரவி, சேறடித்து, 2024 ஐப்பசியில் சம்பா நட்டோம். நடவுக்கு முதல் நாள் காலனித் தெருவுக்கு நானே போய், அந்த மூதாட்டியின் வீட்டு வாசலில் நின்று ஆள் கேட்டேன். இருபத்திரண்டு பேரோடு விடியலில் வந்தார்.